பினாங்கில் தோல் மண்டி தேடினேன்

காலை பத்தேகால் மணிக்கு எல்லாம் பிசகத் தொடங்கியது. மணியை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம், அப்போது நான் ஒரு மணிக்கூண்டின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். பினாங்குத் துறைமுகத்துக்கு எதிரே நிற்கிற மணிக்கூண்டு அது. அதன் நிழலில் என் மகள் எஸ்தர் எனக்காகக் காத்திருப்பாள் என்பது ஏற்பாடு. நிழல் இருந்தது. எஸ்தர் இல்லை.

எஸ்தர் தாமதிக்கிற பெண் அல்ல. ஆம்பூரில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்தில்தான் அவளும் படித்தாள். முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே வாசலில் நிற்பாள். பிறகு வேலூரில் நர்ஸ் வேலை படித்தாள். பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்ததும், நாங்கள் யோசிக்க அவகாசம் தராமல் கப்பலேறிவிட்டாள். இப்போது நாட்றம்பள்ளியில் அவளுக்கு நல்ல வரன் வந்திருக்கிறது. அவளைக் கையோடு அழைத்துப்போகத்தான் நான் வந்தேன்.

ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். "த பாரு, பொண்ணோட வந்து எறங்கு. தனியா வந்தேன்னா நான் ஸ்டேஷனுக்கே வரமாட்டேன், ஆமா," என்றார். அவர் தோல் பதனிடுகிற மண்டியில் தரம் பிரிக்கிறவர். ஒரு தோலை விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோய், இது முதல் தரம், இது கழிவு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. வீட்டிலும் அப்படித்தான்.

மணிக்கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சீனர், மலாய்க்காரர், தலைப்பாகை கட்டின சீக்கியர், வெள்ளைக்காரர் என்று உலகமே என்னைக் கடந்து போனது. என் மகளைத் தவிர எல்லாரும் வந்தார்கள். டிராம் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு திரும்பியதும், எஸ்தர் இதில் அடிபட்டிருப்பாள் என்று நினைத்தேன். ஒரு மோட்டார் போனது. இதில்தான் அடிபட்டாள் என்று நினைத்தேன். பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

அப்போது காற்று திரும்பி அடித்தது. அந்த வாசனை வந்தது.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, சில நாள் கழித்துத் தொட்டியைத் திறக்கும்போது ஒரு வாசனை எழும்பும். ரயிலில் வருகிறவர்கள் ஆம்பூர் நெருங்குகிறபோதே கைக்குட்டையைத் தேடுவார்கள். நாங்கள் அதிலேயே பிறந்து, அதிலேயே சாப்பிட்டுத் தூங்கி வளர்ந்தவர்கள். காற்று எந்தத் திக்கிலிருந்து வருகிறது என்று பார்த்து, இன்றைக்கு எந்த மண்டியில் தொட்டி திறந்தார்கள் என்று எங்கள் தெருவில் சின்னக் குழந்தைகூடச் சொல்லும்.

சமுத்திரம் தாண்டி வந்த இடத்தில் அதே வாசனை. என் நெஞ்சில் பாலை வார்த்தது போல இருந்தது. இங்கே ஒரு தோல் மண்டி இருக்கிறது! தோல் இருக்கிற இடத்தில் நம் ஆட்கள் இல்லாமலா போவார்கள்? மேஸ்திரி ஒருவராவது வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் இருப்பார். விஷயத்தைச் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவார். இப்படி நினைத்து, நிற்கச் சொன்ன இடத்தை விட்டுவிட்டு, தகரப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூக்கு காட்டிய வழியே நடந்தேன்.

அந்த ஊரில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. அஞ்சடி என்று சொல்கிறார்கள். வெயிலும் மழையும் படாமல் தெரு முழுக்க நடந்து போகலாம். எதிரே ஒரு சீனக் கிழவர் வந்தார். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பெரிய தெருக்காரர் எதிரே வந்தால் நாங்கள் இறங்கி ஓரமாக நிற்கிற வழக்கம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றாலும் கடைத்தெருவில் நான் தோல்காரத் தெருப் பெண்தான். கால் தானாக அஞ்சடியிலிருந்து இறங்கிவிட்டது. அதே நேரம், பெட்டி சுமந்து வருகிற பெண்ணுக்கு வழிவிடலாம் என்று அந்தக் கிழவரும் இறங்கிவிட்டார். இரண்டு பேரும் சாக்கடை ஓரத்தில் எதிரெதிரே நின்றோம். மேலே நடைபாதை காலியாகக் கிடந்தது. அவர் முதலில் சிரித்தார். என்னையே ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் ஏறினேன். நாற்பத்தைந்து வயதில் முதல் முறையாக ஒரு மனிதர் எனக்காக இறங்கி நின்றதைப் பார்த்தேன்.

வாசனை ஒரு முச்சந்தியில் பலமாக வந்தது. அங்கே தொட்டி இல்லை, தோல் இல்லை. ஒரு தள்ளுவண்டியில் முள்முள்ளாகப் பச்சைக் காய்கள் குவிந்து கிடந்தன. நம் பலாக்காயின் கோபக்காரத் தம்பி மாதிரி இருந்தன. வண்டிக்காரச் சீனரிடம், "ஏம்பா, இங்க தோல் மண்டி எங்க இருக்குது?" என்று கேட்டேன். அவர் ஒரு காயைப் பிளந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"தோல் மண்டியா?" என்று பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து தமிழ்க்குரல் கேட்டது. கைலியும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு பெரியவர். "இது டுரியான் பழம் தாயி. இந்த நாத்தத்துக்குக் கப்பல்ல வந்த சனமெல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடும். நீங்க தேடிக்கிட்டு வாரீகளே! எந்த ஊரு?"

"ஆம்பூரு," என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் எந்த ஊர் என்று கேட்டவர் அடுத்தபடி எந்தத் தெரு என்று கேட்பார். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் தண்ணீர் சொம்பிலா, கையிலா என்பது.

அவர் கேட்ட அடுத்த கேள்வி, "சாப்ட்டீகளா?"

அவர் பெயர் மொய்தீன். ராமநாதபுரம் கடற்கரைக்காரர். உட்காரச் சொல்லிக் கோப்பி கொண்டுவந்தார். அந்த ஊரில் காப்பி கோப்பிதான். நான் பழக்கதோஷத்தில் பையிலிருந்து என் பித்தளை டம்ளரை எடுத்து நீட்டினேன். வெளியூர் போகும்போது எங்கள் வீட்டில் யாரும் சொந்த டம்ளர் இல்லாமல் கிளம்புவதில்லை. கடைக்காரர் ஒன்று சொல்லி நாம் ஒன்று கேட்பதற்கு முன்னால் நாமே நீட்டிவிட்டால் மானம் மிஞ்சும்.

பாய் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் தாயி, என் கிளாஸ் ஓட்டையா?" என்றார். பிறகு டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எல்லாரும் குடிக்கிற கண்ணாடிக் கிளாஸிலேயே கோப்பியை ஊற்றி வைத்தார்.

குடித்தேன். அழுகை வந்தது. மகளைக் காணோம் என்ற அழுகையா, கிளாஸுக்காக வந்த அழுகையா, எனக்கே தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். பாய், "அட, மிஸ்ஸி எஸ்தரோட அம்மாவா நீங்க!" என்று எழுந்துவிட்டார். நர்ஸுகளை அங்கே மிஸ்ஸி என்கிறார்கள். "ஒங்கள அழைக்கத்தான் மிஸ்ஸி குடியிருக்கிற வீட்டு பிபிக் அம்மா போயிருக்கு. இந்தப் பக்கம்தான் திரும்பி வரணும். அது வரைக்கும் பழத்தத் தின்னுங்க."

தின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் எந்தக் கஷ்டமும் தெரியவில்லை. உள்ளே வெண்ணெயும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்தாற்போல ஒரு சுளை. வாசனை அதற்கு ஒரு தொடுகறி மாதிரி. பழத்தின் கடைசிச் சுளையில் இருக்கும்போது ஒரு ரிக்ஷா வந்து நின்றது.

அதிலிருந்து இறங்கிய சீன அம்மாளுக்கு என் வயதுக்கு மேல் இருக்கும். பூப்போட்ட கைலி, மேலே மெல்லிய சட்டை, உச்சியில் சின்னக் கொண்டை, வாயில் வெற்றிலை. அவர்தான் எஸ்தருக்கு மாடியறை கொடுத்திருக்கிற வீட்டுக்காரி. ஊரே அவரைப் பிபிக் என்கிறது, நாம் அத்தை என்கிற மாதிரி. பேசுவது மலாய். பாய் எனக்கு எடுத்துச் சொன்னார்: "மணிக்கூண்ட மூணு சுத்து சுத்திட்டு வாறேங்குது. இந்த முக்குல ரெண்டு தடவ ஒங்களப் பாத்துச்சாம். எஸ்தரோட அம்மான்னா அழுதுக்கிட்டு மூக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்னு நெனச்சுதாம். ரெண்டு கையாலயும் டுரியான் தின்னுக்கிட்டிருந்த பொம்பளைய அது சந்தேகப்படவே இல்லையாம்."

பிபிக் என் பிசுபிசுத்த கைகளைப் பிடித்துக்கொண்டு, "இன்னா! இன்னா!" என்றார். அச்சு அசலாக எங்கள் ஊர் 'இன்னா'. என் மகள் வாயிலிருந்து தொற்றிக்கொண்டது. கடல் கடந்து ஒரு சீனத்தி வாயில் அதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன்.

"எஸ்தர் எங்க?" என்று கேட்டேன்.

பிபிக் பாயைப் பார்த்தார். பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேஜையைத் துடைத்தார். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது. "தாயி, பயப்படாம கேளுங்க," என்று ஆரம்பித்தார். பயப்படாமல் எப்படிக் கேட்பது? அக்கரையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வாந்திபேதி கண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கேட்டார்கள். நம் சனம்தான் அங்கே கூலிக்காரர்கள், பாஷை தெரிந்தவர் வேண்டும் என்று எஸ்தர் தானாகக் கையைத் தூக்கியிருக்கிறாள். இப்போது தோட்டத்து வாசலை அடைத்துவிட்டார்கள். நோய் அடங்கி, டாக்டர் உத்தரவு தரும்வரை உள்ளே இருக்கிறவர் வெளியே வர முடியாது.

எங்கள் தெருவில் ஒரு வருஷம் வாந்திபேதி வந்ததைச் சிறுபெண்ணாகப் பார்த்தவள் நான். அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு ஒன்றும் நினைவில்லை. பிபிக் வீட்டில் எஸ்தரின் கட்டிலில் படுத்ததும், ஒரு கை என் நெற்றியில் கோடாலித் தைலம் தடவியதும் மாத்திரம் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் அக்கரைக்குப் போவேன் என்று நின்றேன். பிபிக் தடுக்கவில்லை. ஒரு தூக்குப் பாத்திரத்தில் சோறு கட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். படகில் கடலைத் தாண்டி, ஒரு பஸ்ஸில் ஏறினோம். பஸ் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கூரை வைத்த பெட்டி அது. பாதி வழியில் சேற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். எனக்கு ஒரு பக்கம் கோழியை அக்குளில் இடுக்கிய மலாய்க்காரி, மறுபக்கம் கண்ணாடி போட்ட ஒரு சீனர். மூன்று பேரும் தோளோடு தோள் முட்டித் தள்ளினோம். யாரும் யாரையும் விலகச் சொல்லவில்லை. பஸ் கிளம்பியதும் அந்த மலாய்க்காரி, ரம்புத்தான் என்கிற சிவப்புப் பழத்தை உரித்து, என் வாயிலேயே ஊட்டிவிட்டாள். என் கையெல்லாம் சேறு என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் கையும் சேறுதான். கோழி வேறு என் புடவையைக் கொத்திக்கொண்டே வந்தது.

தோட்டத்து வாசலில் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. காவலுக்கு ஒரு சீக்கியர் நின்றார். பிபிக்குக்கு அவர் பாஷை தெரியாது, ஆனால் எனக்குத் தெரிந்தது. ஆம்பூரில் பக்கத்துச் சாயபு வீட்டுப் பெண்களோடு மாவு சலித்துக்கொண்டே கற்ற இந்துஸ்தானி என்றைக்குமே இவ்வளவு உதவியதில்லை.

"உள்ளே விட்டால் பிறகு வெளியே விடமாட்டேன் தாயே," என்றார் அவர்.

"வெளியே விட வேண்டாம். என் மகள் உள்ளே இருக்கிறாள், என்னையும் உள்ளே விடு."

"அதுதான் கஷ்டம். யாரையும் உள்ளே விடாதே என்று எனக்கு உத்தரவு போட்டிருப்பதே உங்கள் மகள்தான். துரையிடம்கூட நான் வாயாடுவேன். அந்தப் பெண்ணிடம் எனக்குப் பயம்."

என் மகளுக்கு ஒரு சீக்கியர் பயப்படுகிறார்! அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. அவர் இரக்கப்பட்டு, தொங்கிக்கொண்டிருந்த தண்டவாளத் துண்டை இரும்பால் அடித்தார். வெகுநேரம் கழித்து, ரப்பர் மரங்களின் கடைசி வரிசையில் வெள்ளையாக ஓர் உருவம் வந்து நின்றது. முகம் தெரியவில்லை. உள்ளே போயிருந்த நர்ஸுகள் எல்லாருக்கும் அதே வெள்ளையுடுப்புதான். அவள்தானா என்று நான் தவிக்கும்போது அந்த உருவம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. பிறகு புறங்கையை விசிறி, போ, போ என்று துரத்தியது. அந்த விசிறல் என்னுடையது. வகுப்பு முடிந்து பிள்ளைகளை வெளியே துரத்த நான் செய்கிற சைகை. என் பெண்தான். உயிரோடு இருக்கிறாள், நிற்கிறாள், என்னையே துரத்துகிறாள்.

பஸ்ஸில் திரும்பும்போது சோற்றை நானும் பிபிக்கும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டோம்.

பிறகு காத்திருந்த நாட்கள். அக்கரையிலிருந்து வருகிற படகுக்காரர் எவரையும் பாய் விடுவதில்லை. "மிஸ்ஸி நல்லாருக்கா?" என்று விசாரித்துத்தான் கோப்பி ஊற்றுவார். ஒரு நாள் இரண்டு சாவு என்று செய்தி வந்தது. ஒரு நாள் சாவில்லை என்று வந்தது. இடையில் கிடந்த நேரத்தை நான் என்ன செய்வது? அந்த ஊர்தான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

ஞாயிறன்று தமிழ் வேதக் கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊர்க் கோயிலில் எந்தத் தெருவுக்கு எந்தப் பெஞ்சு என்று எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். இங்கே கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த ஓர் அம்மாள் திரும்பி, "அக்கா, அங்க விசிறி காத்து வராது. இங்க வந்து நெருங்கி ஒக்காருங்க," என்று தன் பிள்ளையை மடியில் தூக்கிக்கொண்டு இடம் விட்டாள். விசிறிக் காற்றைத் தவிர அந்த இடத்துக்கு வேறு விசேஷம் எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு துணிக்கடைக்கு பிபிக் அழைத்துப் போனார். நான் வாசற்படியிலேயே நின்றேன். ஆம்பூரில் எங்களைக் கண்டால் துணிக்கடைக்காரர், "அங்கயே நில்லும்மா, கிட்ட வராத," என்று சொல்லிவிட்டுத் துணியை வெளியே நீட்டிக் காட்டுவார். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன வார்த்தை. ஆனால் வேலூர் ரயிலில் ஒருவர் அதையே எஸ்தரிடம் சொல்லி மூக்கைப் பொத்தியபோது, அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அடுத்த மாதமே பினாங்குக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். இந்தக் கடைக்காரச் சீனரோ, நான் உள்ளே வராதது கண்டு கடைக்கு ஏதோ கெட்ட சகுனம் என்று பதறி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்தார். பிபிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

மொய்தீன் பாயோடு எனக்கு ஒரு சண்டையும் வந்தது. அவர் வைத்த பிரியாணியை ஒரு வாய் தின்றுவிட்டு, "பாய், தப்பா நெனைக்காதீங்க. இதப் பிரியாணின்னு எங்க ஊர்ல சொன்னீங்கன்னா ஆள வச்சு அடிப்பாங்க," என்றேன்.

"அப்ப நீங்கதான் ஆக்கிக் காட்டுங்க. வாத்தியாரம்மாவுக்கு வாய்தான் சமைக்குதா, கையும் சமைக்குதான்னு பாப்போம்!"

முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் அடுப்படிக்குள் போனேன். பக்கத்துச் சாயபு வீட்டு அம்மாள் எனக்குக் கற்றுக்கொடுத்தபடி, மிளகாயை ஊறவைத்து அரைத்து, கறியைத் தயிரில் வதக்கி, அரிசியை முக்காலாக வடித்துக் கொட்டி, மூடிமேல் தணல் வைத்துத் தம் போட்டேன். சரியாக அந்த வேளையில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. மதராஸ் போகிற கப்பல். நானும் எஸ்தரும் ஏறிப்போவதாக இருந்த கப்பல்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். "தாயி, இது ஒங்க கப்பல்தான?"

"தம் ஒடையக் கூடாது பாய். பேசாம இருங்க," என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், எனக்குத் துக்கமே இல்லை. மகள் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்ற வேதனை ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அந்தக் கப்பலில் நான் இல்லை என்பதில் ஒரு நிம்மதி. இதை என் வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

மூடியைத் திறந்ததும் முச்சந்தியே எட்டிப் பார்த்தது. டுரியான் வண்டிக்காரர் வந்தார். ரிக்ஷாக்காரர்கள் வந்தார்கள். கோட்டுப் போட்ட ஒரு தமிழ்க் குமாஸ்தா வந்து, முகவாயில் எண்ணெய் வழியத் தின்றுவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். ஆம்பூரில் நான் ஆக்கியதை, அந்தச் சாயபு வீட்டாரைத் தவிர, எங்கள் தெருவைத் தாண்டி ஒருவரும் வாயில் வைத்ததில்லை. பிறந்து வளர்ந்த ஊரில் நான் விருந்தாளி போல ஓரமாகவே இருந்திருக்கிறேன். பாஷை தெரியாத இந்த முச்சந்தியில் எனக்கு அடுப்பையே கொடுத்துவிட்டார்கள். பாய் தன் பங்கைத் தின்று முடித்து, கை கழுவிக்கொண்டே, "உப்பு கம்மி," என்றார். இரண்டாவது தட்டுக்குப் பிறகு சொன்னார்.

நோய் அடங்கியது என்று செய்தி வந்தது. ஆனால் எஸ்தர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கடைசியாக ஒரு நர்ஸுக்கும் கண்டுவிட்டது என்று ஒரு படகுக்காரர் சொன்னார். பெயர் அவருக்குத் தெரியவில்லை. அன்று பாய் கடையில் கோப்பி ஆறிப்போனது. பிபிக் தன் சாமிக்கு ஊதுவத்தி ஏற்றினார், நான் என் பைபிளைத் திறந்தேன். இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் பகலில் டுரியான் வண்டிக்காரர் தானாக ஒரு பழத்தைக் கொண்டுவந்து பிபிக் வீட்டு முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார். சாப்பிடு, சாப்பிடு என்று சைகை செய்தார். வாயில் வைக்கத் தோன்றவில்லை. ஆனாலும் அவருடைய மனம் நோகக்கூடாதே என்று பிபிக் அதைப் பிளந்தார். வாசனை வீடு முழுக்க நிறைந்தது. நான் ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. எஸ்தர் நின்றாள். வெள்ளையுடுப்பு மண்ணாகி, கன்னம் ஒட்டி, கண் மாத்திரம் பெரிதாக. பிபிக், "இன்னா!" என்று கத்தினார். நான் எழுந்து ஓடினேன்.

"நில்லு! கிட்ட வராத!"

நின்றுவிட்டேன். எத்தனையோ வாயில் கேட்ட வார்த்தை. என் மகள் வாயில் அதை நான் கேட்டதில்லை.

"லைசால் மருந்துத் தண்ணி ஊத்திக் குளிச்சிட்டுதாம்மா ஒன்னத் தொடுவேன். அது வரைக்கும் அங்கயே நில்லு. உனக்கு ஒண்ணுன்னா அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள்.

வாழ்நாள் முழுக்க என்னைச் சுட்ட வார்த்தை அது. இப்போது அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பிபிக் வெந்நீர் விளாவினார். முற்றத்துக் குளியலறைத் தட்டிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"நோவு கண்டது எனக்கில்ல, கூட வந்த பொண்ணுக்கு. பொழச்சிக்கிட்டா. அதான் லேட்டு," என்றாள். இன்னொரு சொம்பு ஊற்றிக்கொண்டு, குரல் இறங்கி, "கப்பல் எப்போம்மா? கூட்டிட்டுப் போகத்தான வந்த?" என்றாள்.

"கப்பல் போய்ட்ச்சி."

"அடுத்த கப்பலு?"

"அதுவும் போகட்டும்."

"நாட்றம்பள்ளி?"

"நாட்றம்பள்ளி நாட்றம்பள்ளியிலயே இருக்கட்டும்."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. நான் சொன்னேன்: "தனியா வந்தா ஸ்டேஷனுக்கு வரமாட்டேன்னு உங்கப்பா சொல்லிட்டாரு. சரி, அவர் எதுக்கு ஸ்டேஷனுக்கு வரணும்? இங்கயே வரச் சொல்லலாம்னு இருக்கேன்."

தட்டிக்கு மேலே ஈரத் தலை எட்டிப் பார்த்தது. முற்றத்தில் பிளந்து கிடந்த பழத்தைப் பார்த்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தது.

"ஏம்மா, அப்பா இந்தப் பழத்த மோந்து பாத்தா, இன்னா தரம்னு சொல்லுவாரு?"